முதலில் நன்றியுரை

அந்த மாநாட்டில் நன்றியுரைதான் முதலில். மற்ற உரைகளெல்லாம் அதற்குப் பிறகு, நேரம் இருந்தால்.

இணையதளம் கட்டுகிறவர்களின் மாநாடு அது. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வருடாவருடம் நடக்கும். முன்பெல்லாம் ஊர் வழக்கப்படி நன்றியுரை கடைசியில்தான் இருந்தது. அந்த நேரத்துக்கு எல்லாரும் பந்திக்குப் போய்விடுவார்கள். கடைசியாக அப்படி நன்றி சொன்னவர் காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாற்காலிகள் அதை மனதில் வைத்துக்கொண்டன. மறுநாளிலிருந்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தன, ஏதாவது உதவி வேண்டுமா என்று. அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றிவிட்டார்கள்.

இந்த வருட நன்றியுரை கோகிலவாணிக்கு வந்தது. அவள் பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஜவுளிக்கடைகளுக்கு இணையதளம் செய்து தருவாள். புடவையைக் கூடையில் போடும் பட்டன், கூடையிலிருந்து எடுக்கும் பட்டன், பணம் கட்டும் பட்டன். பட்டன் அமுங்கினால் அவளுக்குச் சோறு இறங்கும். மேடை ஏறித்தான் பழக்கமில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள்.

மாநாட்டு ஒருங்கிணைப்பாளர் செங்கோட்டுவேல் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் அவர் படத்துக்குப் பதில் மண்டபத்தின் படம் இருந்தது.

"விதி தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியாதுங்க."

"நீங்க யாரு யாரு உதவியில வேலை செய்யறீங்களோ, அத்தனை பேருக்கும் சொல்லிப்போடோணும். விட்டுப்போன உதவி, கடைசிப் பந்தி எந்திரிக்கறப்போ குடுத்தவங்ககிட்டயே திரும்பிப் போயிருமுங்க."

"போயிட்டா?"

"வாங்காத மாதிரி ஆயிரும்."

வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். பிறகு வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றும் சொன்னார்.

மாடிப்படியின் ஓரத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். திருநெல்வேலி ஜெபராஜ். சென்ற வருடம் நன்றியுரை ஆற்றியவர்.

"ஏனுங்க ஓரமா நிக்கறீங்க? உள்ள வாங்க," என்றாள் கோகிலவாணி.

"வர முடியல மேடம். வெப் பக்கத்துக்கு நடுவுல ஒரு பெட்டிய எப்படி வைக்கணும்னு எனக்கு ஒரு ஆள் சொல்லிக்குடுத்தாரு. போன வருசம் அவர் பேரச் சொல்ல மறந்துட்டேன், பாத்துக்கிடுங்க. அப்பேர்ந்து எதுக்கும் நடுவுல நிக்க முடியல. இடது ஓரத்துலதான் நிக்கேன்."

"வீட்லயுங்களா?"

"கல்யாண ஃபோட்டோவுலயும் ஓரத்துக்குப் போயிட்டேன். நடுவுல மாமனார் நிக்காரு."

கோகிலவாணி பெயர்ப் பட்டியலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது பெயர் சொன்ன அத்தனை பேரும் வந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மேடையில் முந்தின நாள் கல்யாணத்துச் சோடனையை இன்னும் பிரிக்கவில்லை. மணமக்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் மைக் இருந்தது. கீழே பொன்னாடைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பந்தி ஆரம்பித்துவிட்டது என்று செங்கோட்டுவேல் கையைக் காட்டினார். கோகிலவாணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இணையதளம் கட்டுகிறவர்கள் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, முழுக்கத் தாங்களே எழுதுவதில்லை. முன்பின் தெரியாத யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக வைத்துவிட்டுப் போனதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த யாரோவும் வேறு யாரோ வைத்ததை எடுத்தவர்தான். யாரும் யாரையும் பார்த்ததில்லை.

"நாள்காட்டி நிரல் எழுதிய அய்யா அவர்களுக்கு நன்றி," என்று பெயரையும் சேர்த்துச் சொன்னாள் கோகிலவாணி.

வாசலில் ஒரு பின்லாந்துக்காரர் வந்து நின்றார். கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மேடைக்கு வந்து கும்பிட்டார். அவள் பொன்னாடை போர்த்தினாள். அது அவர் தோளில் நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது.

"எனக்குப் போட்டா நிக்காதுங்க," என்றார் அவர். கொங்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "நான் மொதல்ல லீப் வருசம் கணக்குப் போட்டுக் குடுத்தவருக்குச் சொல்லோணும். தான் சொல்லவேண்டிய நன்றியைச் சொல்லி முடிச்சவங்க தோள்லதான் இது நிக்கும்."

அவர் மைக்கில் சொன்னார். லீப் வருடத்துக்காரர் வந்தார். அவர் தோளிலும் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். எழுத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விடுவதற்கு நாலு வரி எழுதியவர். உலகத்தின் பாதி இணையதளங்கள் அந்த நாலு வரிமேல்தான் நிற்கின்றன. கையில் ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தார்.

"அது நான் சும்மா எழுதினதுங்க," என்றார்.

"நீங்க யாருக்காச்சும் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

அவர் யோசித்தார். "பக்கத்து வீட்டுக்காரர் அன்னைக்கு ரேடியோவைக் கொஞ்சம் சத்தம் கம்மியா வெச்சாருங்க."

பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவோடு வந்தார். அவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பொன்னாடை அவர் தோளில் நின்றது. பிறகு கத்திரிக்காய்க்காரர் தோளில், லீப் வருடத்துக்காரர் தோளில், பின்லாந்துக்காரர் தோளில் என்று வரிசையாக நின்றது. கூட்டம் கை தட்டியது.

இப்படித்தான் போயிற்று. ஒரு பெயரைச் சொன்னால் ஊரே வந்தது. எழுத்துருக்களை வரைந்தவர்கள் வந்தார்கள். நிறங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் வந்தார்கள். ஆட்கள் வர வர மண்டபம் பின்பக்கமாக நீண்டது. கடைசி வரிசை இருகூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் கை தட்டுவது கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சாம்பாரில் தண்ணீர் ஊற்றப் போனார்.

பொன்னாடைகள் போர்த்துகிற இடைவெளியில் சின்னச் சின்ன உரைகளுக்குச் செங்கோட்டுவேல் இடம் கொடுத்தார். பக்கத்தை வேகமாகத் திறப்பது எப்படி என்று ஒருவர் பேசினார். அவர் படியேறும்போதே உரை முடிந்துவிட்டது. எல்லாருக்கும் புரிந்தும் விட்டது. எல்லாத் திரையிலும் பொருந்துவது எப்படி என்று இன்னொருவர் பேசினார். நேரில் பார்த்தவர்களுக்கு அவர் நல்ல ஆகிருதியாகத் தெரிந்தார். கைப்பேசி வழியாகப் பார்த்தவர்களுக்கு ஒடுங்கி நின்றார், கைப்பேசித் தளத்தின் மெனுபோலக் கைகால்கள் மூன்று கோடுகளாக மடிந்து மூலையில் இருந்தன. மூன்றாமவர் சென்ற வருட உரையையே பேசினார். பழைய பதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரெஃப்ரெஷ் பண்ண வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். அவர் புதிய உரையைத் தொடங்கினார்.

கோகிலவாணி மேடையிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். தன் கடைப் பட்டன் இத்தனை பேர் கை பட்டுத்தான் அமுங்குகிறது என்பது அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். தெரிவது வேறு, எல்லாரும் வேட்டியும் பேன்ட்டுமாக எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது வேறு. இவர்களில் ஒருவர்கூட அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

இனி ஒரே ஒருவர்தான் பாக்கி.

"பேர் சொல்லுங்க," என்றது மைக். மைக்குக்கு லேசான ஜலதோஷம் இருந்தது.

"பேர் தெரியாதுங்க."

"பேர் இல்லாம கணக்குல ஏறாது."

"வீட்ல சொல்லிப் பார்த்தப்போ ஏறிச்சுங்களே!"

முன்வரிசை முழுக்கத் தலையை ஆட்டியது. வீட்டில் வேலை செய்தது வெளியே வந்ததும் படுத்துக்கொள்வது அவர்கள் எல்லாருக்கும் நடந்த கதை.

விஷயம் இதுதான். கோகிலவாணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புடவைக் கடைக்குப் பணம் கட்டும் பட்டன் செய்தாள். அது அமுங்கவே இல்லை. கடைக்காரர் கத்தினார், முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, நமக்கு இது வராது, ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் என்று பையை எடுத்து வைத்தாள். போகுமுன் இணையத்தில் ஒரு கேள்வி பதில் தளத்தில் எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது. கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறி குறைகிறது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அழாதீங்க, இது எல்லாருக்கும் நடக்கும்.

அழுகிறேன் என்று அவள் எழுதவே இல்லை. ஆனால் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அந்த வரியால் அவள் பஸ் ஏறவில்லை. அந்தக் கம்பெனியிலேயே இருந்தாள். அங்கேதான் அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு மகள் பிறந்தாள். பதில் எழுதியவர் பெயர் போடவில்லை. இவளும் கேட்கவில்லை. பட்டன் அமுங்கிய சந்தோஷத்தில் நேராகக் கடைக்காரரைக் கூப்பிடப் போய்விட்டாள். அந்தத் தளத்தையே பிற்பாடு மூடிவிட்டார்கள்.

"கடைசிப் பந்தி உக்காந்தாச்சுங்க," என்று கீழேயிருந்து செங்கோட்டுவேல் சொன்னார்.

கோகிலவாணியின் கழுத்து அட்டையில் 'முதுநிலை' என்ற சொல் மங்க ஆரம்பித்தது. கைப்பையில் வீட்டுச் சாவி வெல்லம்போல இளகியது. கைப்பேசி அடித்தது. மகள் மிருணா பேசினாள்.

"அம்மா, நான் கொஞ்சம் லேசா இருக்கேன்."

"எப்படி லேசா?"

"ஜன்னல் வழியா வர்ற வெயில் என் மேல நிக்காம சுவத்துக்குப் போகுது."

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன். ஆனா எல்லாம் தட்டுலயே இருக்கு."

"சேர்ல நல்லா புடிச்சுட்டு உக்காரு. அம்மா இப்போ சரி பண்ணிடறேன்."

கோகிலவாணி கைப்பேசியை இடுப்பில் செருகினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேரெல்லாம் தெரியாதுங்க. என்னைப் பார்த்து அழாதீங்கன்னு எழுதினவங்களுக்குத்தான் சொல்றேன். நீங்க எங்க இருந்தாலும் கொஞ்சம் வாங்க. எம்புள்ள லேசாயிட்டு இருக்கா."

மண்டபமே வாசலைத் திரும்பிப் பார்த்தது. இருகூரில் ஒரு ரயில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

அப்போது படியோரத்திலிருந்து ஜெபராஜ் கத்தினார்.

"மேடம், மாடியிலயும் இதே பாட்டுத்தான்!"

மாநாடுகளில் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகள் நடப்பது வழக்கம். மாடி ஹாலில் இன்னொரு நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கிற ஒரே இடம் அந்தப் படியோரம். அங்கே நிற்கக்கூடிய ஒரே ஆள் ஜெபராஜ்.

"என்ன பாட்டுங்க?"

"மேல ஒரு அம்மா பேர் தெரியாம மாட்டிக்கிட்டு நிக்காங்க. பட்டன் வேலை செய்யலன்னு அழுதுகிட்டே கேட்ட பொண்ணு யாருன்னு தேடுதாங்க. கூட்டிட்டு வாரேன், இருங்க!"

அவர் சுவரோரமாகவே ஓடி, சுவரோரமாகவே திரும்பி வந்தார். பின்னால் ஒரு பெண் இறங்கி வந்தாள். கோகிலவாணியைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கும். காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. திண்டுக்கல் பவுலின்.

"நீதானா அது?" என்றாள் பவுலின்.

"நீங்கதானுங்களா அக்கா? நான் அழறேன்னு எப்படீங்க தெரிஞ்சுது?"

"உன் கேள்வி ஈரமா இருந்துச்சும்மா. என் கீபோர்டு வரைக்கும் சொட்டுச்சு. அன்னைக்குப் பூரா துடைச்சேன்."

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. இத்தனை வருடமாக இந்தக் கை திண்டுக்கல்லில் காய்கறி நறுக்கிக்கொண்டும் விளக்கை அணைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பொங்கி வந்தது. அவசரமாக மைக்குக்குத் திரும்பினாள்.

"பவுலின் அக்காவுக்கு என் நன்றி."

பொன்னாடையைப் போர்த்தினாள். அது வழுக்கி விழுந்தது.

"எனக்கு நிக்காதும்மா," என்றாள் பவுலின். "நான் உனக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. என் ஆபீசை மூடிட்டாங்க. மாசக்கணக்கா யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. மணி என்னன்னுகூடக் கேக்கல. கம்ப்யூட்டரை ஒரு சாக்குல போட்டு விக்கக் கிளம்பிட்டேன். அப்பத்தான் நீ கேட்ட, சாக்கு நனைஞ்சுச்சு. சாக்கைப் பிரிச்சு உனக்குப் பதில் போட்டேன். திரும்பக் கட்டவே இல்ல. இன்னைக்கு எங்க ஊர்ல என்கிட்ட படிச்ச பிள்ளைக வேலையில இருக்காங்க."

"அப்போ நீங்க மொதல்ல சொல்லிருங்க அக்கா, சீக்கிரம்."

பவுலின் மைக்கில் நன்றி சொல்லிப் பொன்னாடையைக் கோகிலவாணிக்குப் போர்த்தினாள். அதுவும் விழுந்தது. தான் போர்த்தியது நிற்காதவரை கோகிலவாணியும் சொல்லி முடித்ததாகக் கணக்கு இல்லையே.

செங்கோட்டுவேல் தலையைச் சொறிந்தார். "இது சுத்துதுங்க. இவங்க முடிச்சாத்தான் அவங்க. அவங்க முடிச்சாத்தான் இவங்க."

முன்வரிசையிலிருந்த நிபுணர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போர்த்துங்கள் என்றார் ஒருவர். போர்த்தினார்கள். இரண்டு பொன்னாடைகளும் நடுவழியில் மோதி முடிச்சு விழுந்தன. மண்டபத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றார் பின்லாந்துக்காரர். மெயின் ஸ்விட்ச் மணமகள் அறையில் பூட்டியிருந்தது.

பந்தியில் பாயசம் வந்துவிட்டது. பிறகு மோர் வந்தது. இலையை மடிக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

"மிருணா," என்றாள் கோகிலவாணி கைப்பேசியில்.

"யாருங்க பேசறது?" என்றது ஒரு மெல்லிய குரல்.

கடைசிப் பந்தி எழுந்தது.

உதவிகள் திரும்பிப் போயின. சத்தம் எதுவும் வரவில்லை. கொடுத்தது கொடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

கோகிலவாணி மண்டபத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து அட்டையில் 'பயிற்சிப் பணியாளர்' என்று இருந்தது. எதிரே ஒரு கணினி. அதில் ஒரு புடவைக் கடைப் பக்கம், அமுங்காத ஒரு பட்டன். காலடியில் ஊருக்குப் போகிற பை தயாராக இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் மிச்சமிருந்தது ஒரு கேள்விதான். முன்பு அவள் பவுலினுக்குக் கொடுத்த உதவி அதுதான் என்பதால் அது அவளிடமே வந்து சேர்ந்திருந்தது.

வாசல் பக்கமாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு சாக்குமூட்டை. தடித்த கண்ணாடி. இவள் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் யார் என்று இவளுக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் ஒரு பதில் இருந்தது. யாருக்கு என்று தெரியாததால் அதையும் மூட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

அவள் செருப்பை மாட்டினாள். வெளியே ஒரு ஆட்டோ நின்றிருந்தது. சாக்கை ஆட்டோவில் வைத்தாள். ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டாள்.

கோகிலவாணி மூக்கை உறிஞ்சினாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கணினியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பட்டன் வேலை செய்யலைங்க. யாராவது இருக்கீங்களா?"

மண்டபத்திலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நிபுணர்கள் பலர் வாயைத் திறந்தார்கள். கேட்கிற முறை இது இல்லை என்றார் ஒருவர். இதை ஏற்கெனவே யாரோ கேட்டாயிற்று, தேடிப் பார்த்தாயா என்றார் இன்னொருவர்.

ஆட்டோவில் வைத்த கால் கீழே இறங்கியது. அந்தப் பெண் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். வரும் வழியில் புடவைத் தலைப்பால் எதையோ துடைத்துக்கொண்டே வந்தாள். ஈரம்.

குனிந்து திரையைப் பார்த்தாள்.

"கடைசி வரியில ஒரு அடைப்புக்குறி குறையுதும்மா," என்றாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அழாதீங்க. இது எல்லாருக்கும் நடக்கும்."

கோகிலவாணி அடைப்புக்குறியைப் போட்டாள். பட்டன் அமுங்கியது. ஒரு புடவை விற்றது.

அவள் கடைக்காரரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்தாள்.

"உங்க பேர் என்னங்க அக்கா?"

"பவுலின். உன் பேரு?"

"கோகிலவாணிங்க. ரொம்ப நன்றிங்க அக்கா."

"நீ கேட்டியே, அதுக்கு நான்தாம்மா சொல்லணும்."

யார் முதலில் சொன்னது, யார் சொல்லி முடிக்கவில்லை என்று பார்க்க ஆளில்லை. எல்லாரும் அதற்குள் கை கழுவுமிடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். முடிச்சு விழுந்த பொன்னாடைகள் இரண்டையும் பவுலின் பிரிக்காமலே எடுத்து இரண்டு பேர் தோளுக்குமாகச் சேர்த்துப் போட்டாள். கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. ஆனால் நின்றது.

கைப்பேசி அடித்தது. "அம்மா, ஃபேன் காத்துல முடியெல்லாம் மூஞ்சில விழுது. பின்னி விட வர்றியா இல்லையா?" என்றாள் மிருணா. கோபமாக, நல்ல கனமான குரலில் கேட்டாள்.

"வர்றேன் கண்ணு. வர்றேன் சாமி," என்றாள் கோகிலவாணி. கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

செங்கோட்டுவேல் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். "நன்றியுரை முடிஞ்சுதுங்களா? முடிஞ்சுதுன்னா பெரிய உரைகளை ஆரம்பிச்சுரலாம்."

"முடிஞ்சுதுங்க," என்றாள் பவுலின்.

அவர் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த பேச்சாளரைத் தேடிப் போனார். அந்த அணைந்த மைக்குக்குக் கிட்டே போய், விதி எதுவும் இல்லாத அந்த நேரத்தில், கோகிலவாணி இன்னொரு தடவை நன்றி சொன்னாள்.